செவலை போட்ட குட்டி

நாய் செத்துப்போய்விட்டது, தாயி.

உட்காருங்க. அந்தக் கட்டிலில் வேண்டாம், கயிறு தளர்ந்து கிடக்கிறது. இந்த ஸ்டூலில் உட்காருங்க. மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவங்களை வாசலோடு அனுப்பினால் நன்றாக இருக்காது. முதலில் அந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றிப் பைக்குள் வைங்க. இந்த வெக்கையில் அது எதற்கு? நன்றாக உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடுங்க. ஆங், அவ்வளவுதான். இப்போதுதான் பார்க்க நம் வீட்டுப் பிள்ளை மாதிரி இருக்கீங்க.

சாவு என்றால் சாதாரணச் சாவு இல்லை. சுற்றுப்பட்டி நாய்கள் அத்தனையும் கண்மாய்க் கரையில் வரிசை கட்டி நின்றன. மானாமதுரையிலிருந்து ஒரு போலீஸ் நாய் மட்டும் லீவு கிடைக்காமல் வர முடியவில்லை. ஆனால் மாலை அனுப்பியிருந்தது. கொட்டு, வேட்டு எல்லாம் உண்டு. எங்கே புதைத்தேன் என்று காட்டச் சொன்னால் காட்ட முடியாது. அன்றைக்கே மழை பெய்து தடம் எல்லாம் அழிந்துவிட்டது. என்ன, மழையா? மாசி மாதத்தில் மழை பெய்யாதா? எனக்கு மட்டும் பெய்தது, தாயி.

சந்தேகம் இருந்தால் ஒன்று கேட்கிறேன், பதில் சொல்லுங்க. வீட்டுக்குள் நாய் இருந்தால், புது ஆள் வந்து உட்கார்ந்து இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கும்போது குரைக்காதா? காதைக் கொடுத்துக் கேளுங்க. ஏதாவது சத்தம் உண்டா?

அந்தக் கடகட சத்தமா? அது சுவருக்கு அந்தப் பக்கம். என் கொழுந்தியாள் பஞ்சவர்ணம் மாவாட்டுகிறாள். இட்லி மாவு விற்கிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் வீட்டில் பேச்சுக் குரல் கேட்டால் போதும், உளுந்து இருக்கிறதோ இல்லையோ, கிரைண்டரைப் போட்டுவிடுவாள். என் குரல் அவள் காதில் விழக்கூடாதாம். அவள்தானே உங்களை இங்கே அனுப்பினாள்? தெரியும். கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறவள் அவள். ஹைகோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறாள், பத்தாவது பெயிலான பிள்ளை.

என் வீட்டுக்காரி இருளாயி போன பிறகு, தினம் மத்தியானம் இந்தச் சுவருக்கு மேலே ஒரு தூக்குச்சட்டி வரும். அதில் குழம்பு இருக்கும். "மச்சான், பிடிங்க" என்று ஒரு குரல் வரும். முகம்கூடத் தெரியாது, கையும் சட்டியும்தான். பொங்கல் முடிந்ததோடு அதுவும் நின்றது. சுவர் அப்படியேதான் இருக்கிறது. கொஞ்சம் உயரம் கூடிவிட்டது போலத் தோன்றும், வயசுக் கோளாறு.

நான் யார் என்று சொல்லவில்லையே. சோலைமலை. போர்வெல் லாரியில் வேலை பார்த்தவன். இந்தியா முழுக்கப் பூமியைத் துளைத்திருக்கிறேன். ராஜஸ்தானில் ஒருதரம் துளைத்துக்கொண்டே போனோம். தண்ணீர் வரவில்லை. குழாயில் காதை வைத்தால் அடியிலிருந்து யாரோ திருப்பித் தட்டுகிறார்கள். என்ன பாஷை தெரியுமா? இங்கிலீஷ்! "யாருப்பா மேலே, வீடு ஒழுகுது" என்கிறான். பார்த்தீங்களா, சிரிக்கிறீங்க. இந்தச் செவல்பொட்டல் டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால், டீ ஆறினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். "அப்புறம்?" "அப்புறம் என்னாச்சு பெரிசு?" இதுதான் நாள் பூராவும். அந்த ஊர்தான் இன்றைக்கு என்னைக் கண்டால் பெஞ்சைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போகிறது. நான் செய்த குற்றம் என்ன? என் நாயை என் நாய் என்றேன். அவ்வளவுதான். நீங்களே நியாயம் சொல்லுங்க.

கண்மாய்க்கு மேற்கே, பொட்டலில், வெள்ளைத் தகரம் போட்டு நீள நீளமாகக் கொட்டகைகள் தெரிகிறதா? அதுதான் கம்பெனி. வந்தபோது கோழிப்பண்ணை என்றார்கள். கோழி வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நாய்ப்பண்ணை என்று. வீட்டைக் காக்கிற நாய் இல்லை, தாயி. மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் ஊசி போட்டுப் பார்ப்பதற்கென்றே குட்டி போட வைத்து, வளர்த்து, பெட்டியில் அடைத்து அனுப்புகிற நாய். "அதெல்லாம் இனிமேல்தான். லைசன்ஸ் வந்த பிறகுதான் நாயே வரும். இப்போது கொட்டகை காலி" என்றான் மேனேஜர். ஆனால் வாய்க்காலில் வருகிற கழுவுத் தண்ணீரில் நாய் ரோமம் மிதந்து வந்தது. பஞ்சவர்ணம்தான் முதலில் அள்ளிப் பார்த்தாள்.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்க. எங்கள் கருப்பர் வேட்டைக்குப் போகிற சாமி. அவருக்குத் துணை நாய்தான். ஆடிப் படையலில் முதல் இலை நாய்க்கு. அது வாய் வைத்த பிறகுதான் மனுஷன் கை நனைக்கலாம். ஒரு வருஷம் எந்த நாய்க்கும் பசியில்லை. ஊரே மத்தியானம் தாண்டியும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் நான்தான் இலைக்கு முன்னால் கையையும் காலையும் ஊன்றி நின்று... சரி, அது வேறு கதை. அப்படிப்பட்ட ஊரில் நாயைக் கூண்டில் அடைத்தால் சும்மா இருப்பார்களா?

கருப்பர் கோயிலில் கூடினார்கள். பஞ்சவர்ணம் நடுவில் நின்று சொன்னாள்: "சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணுவோம். கம்பெனிக்காரன் குடுக்கிற வேலையும் வேணாம், அவன் கட்டித் தர்ற தண்ணித் தொட்டியும் வேணாம். கம்பெனிச் சாமான் ஒண்ணுகூட எந்த வீட்டு வாசப்படியையும் தாண்டக்கூடாது." எரிகிற சூடத்தை ஒவ்வொருத்தராக உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். நானும் அணைத்தேன். என் கையில் மட்டும் ஐஸ் மாதிரி குளிர்ந்தது.

அந்தச் சத்தியத்தில்தான் சிக்கல். சாமான் என்றார்களே தவிர, எது சாமான் என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்ததே ஒரு மழை, அதில் கம்பெனிச் சுற்றுச்சுவர் கண்மாய்ப் பக்கம் சரிந்தது. அதற்கும் என் நாய்க்கும் சம்பந்தமில்லை. சும்மா சொன்னேன். அதற்கு மறுநாள்தான் என் செவலை குட்டி போட்டது.

செவலை என் பழைய நாய். அதோ, மாட்டுக்கொட்டத்தில் தூங்குகிறது பாருங்க, எலும்பும் தோலுமாக. இடி விழுந்தாலும் அதற்குக் கேட்காது. பல்லெல்லாம் கொட்டிய பிறகு பிரசவித்த நாய், இந்தத் தாலுகாவிலேயே இது ஒன்றுதான். ஒரே ஒரு குட்டி. ஆனால் பிறக்கும்போதே வளர்ந்துதான் பிறந்தது. முழங்கால் உயரம். காது இரண்டும் தொங்கி, முதுகில் கறுப்பு, வயிற்றில் வெள்ளை, மூஞ்சி தேன் நிறம். பிறந்த அன்றைக்கு எங்கே நின்றது தெரியுமா? கண்மாய் மதகில், சிமெண்ட் மேலே. கீழே மண். ஒரு காலை மெல்ல இறக்கி மண்ணைத் தொடும், சூடு பட்டது போல இழுத்துக்கொள்ளும். மறுபடி தொடும், மறுபடி இழுத்துக்கொள்ளும். வெளுத்த வெயிலில் எத்தனை நேரம் அப்படி நின்றதோ. நான் தூக்கிக்கொண்டு வந்தேன். கால் விரல்கள் எல்லாம் விரிந்து கிடந்தன. கம்பி வலை மேலேயே நின்று வளர்ந்தால் விரல் விரியும் என்பார்கள். சில நாய்க்குப் பிறவியே அப்படி.

வாசலில் சாக்கை விரித்தேன். சாக்கின் மேல் ஒரு பிடி மண்ணைத் தூவினேன். மறுநாள் இன்னும் ஒரு பிடி. அப்படித்தான் அதற்கு மண்ணைப் பழக்கினேன். தை பிறப்பதற்குள் கண்மாய்க் கரையில் என் முன்னால் ஓடியது. ஓடும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கும், இதெல்லாம் சும்மாதானா, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று.

குரல்? வெண்கலக் குரல். ஆனால் கூச்ச சுபாவம். ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் குரைக்கும்.

ஊரில் ஒருத்தரும் கேட்டதில்லை, அது வாஸ்தவம்.

நானா? நான் கேட்டேன். கேட்ட மாதிரிதான். கழுத்தை நீட்டும், வாயைத் திறக்கும், வயிறு உள்ளே போய் வெளியே வரும். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி ஒன்று வரும். அதுவும் குரைப்பில் சேர்த்திதானே? டாக்டருக்குப் படித்தவங்க, நீங்க சொல்லுங்க. தொண்டைக்கு வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது. வாய் வழியாகவே கத்தியை உள்ளே விட்டுக் குரல் நரம்பை வெட்டுவார்களாமே, அப்படியா? சரி, சரி, தலையை ஆட்டாதீங்க. என் நாய்க்கு அதெல்லாம் இல்லை. சளி.

விஷயம் தெரிந்து ஊர் மறுபடி கூடியது. முன்னாள் பிரசிடெண்டு கழுங்கர்தான் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏப்பா சோலைமலை, உன் செவலைக்கு என்ன வயசு? இந்த வயசுல அதுக்குப் பிரசவமா?"

"உங்களுக்கு அம்பத்தெட்டுல பிள்ளை பொறக்கலையா? ஊர் ஏதாச்சும் கேட்டுச்சா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, "சரி, குட்டிக்கு அப்பன் யாரு?" என்றார்.

"மிலிட்டரி நாய். ராமேஸ்வரம் ரயில்ல போய்க்கிட்டிருந்தது. கிராசிங்குக்கு வண்டி நின்னப்ப, கால் நீட்ட இறங்கினது."

பஞ்சவர்ணம் மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான், விளையாடாதீங்க. அது கம்பெனி நாய். உள்ள நாய் இருக்குங்கிறதுக்கு இது ஒண்ணுதான் நமக்குச் சாட்சி."

"கம்பெனி நாய்னா அது கம்பெனிச் சாமான்" என்றார் கழுங்கர், சிரிப்பை நிறுத்திவிட்டு. "சூடம் அணைச்சிருக்கோம். கொண்டுபோய் அவன் கேட்டுல விட்டுட்டு வந்துரணும்."

"உசிரு எப்படிய்யா சாமானாகும்? நாயைக் காப்பாத்தத்தானே சத்தியமே பண்ணினோம்?"

"அதுக்கு? கருப்பர்கிட்டப் போயி, நாயை மட்டும் கணக்குல சேர்க்காதீங்க சாமின்னு நீ சொல்றியா? சத்தியத்துல ஓட்டை போட்டா நாளைக்கு அவன் தண்ணித் தொட்டியும் உள்ள வரும், வேலையும் உள்ள வரும்."

பொழுது சாய்கிற வரைக்கும் பேசினார்கள். நாய்க்காகச் சண்டை போடுகிற ஊர், தாயி. கடைசியில் அந்த ஊரே, அந்த ஒரு நாயைத் திரும்பக் கூண்டுக்குக் கொண்டுபோய் விடு என்றுதான் முடிவுக்கு வந்தது. அதுவும் சாமிக்குப் பயந்து. கழுங்கர் என்னைப் பார்த்தார். "கம்பெனி நாயா இருந்தா கேட்டுக்குப் போகணும். உன் நாயா இருந்தா உன் வீட்டுல இருக்கட்டும். எதுன்னு சொல்லு."

நாய் என் காலடியில் என் செருப்பின் மேல் உட்கார்ந்திருந்தது. மண்ணில் உட்கார அப்போது அதற்கு இன்னும் முழுசாகப் பழகவில்லை.

"சூடத்தை ஏத்துங்க" என்றேன். ஏற்றினார்கள். செவலை போட்ட குட்டி என்று சொல்லி அடித்து அணைத்தேன். இந்தக் கை. என்ன பார்க்கிறீங்க? அது வெந்நீர் கொட்டிய தழும்பு. வேறு சமயம்.

தை பிறந்தது. லைசன்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமாம். பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று தமுக்கு அடித்தார்கள். முதல் நாள் சாயங்காலம், சுவருக்கு மேலே சட்டி வரவில்லை. பஞ்சவர்ணமே வாசல் வழியாக வந்தாள், அயிரை மீன் குழம்போடு. நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள்.

"மச்சான், நாளைக்கு உள்ளதைச் சொல்லிருங்க. பொய்ச் சத்தியத்துக்கு ஒரு கிடா வெட்டிக் கருப்பரைச் சமாதானம் பண்ணிக்கிருவோம். கழுங்கர்கிட்ட நான் பேசிட்டேன்."

"சொன்னா நாய் எங்க போகும்?" என்று கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

அவள் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வக்கீலைக் கேட்டேன். அவங்க நாய்னு ஆயிருச்சுன்னா, கோர்ட்டு எங்க வைக்கச் சொல்லுதோ அங்க. அவங்ககிட்டயே திருப்பிக் குடுன்னுகூடச் சொல்லலாமாம்."

அவளுக்குப் பொய் வராது, தாயி. அந்தக் குடும்பத்தில் யாருக்குமே வராது. இருளாயிக்கும் வராது. "இங்கதான் மச்சான் இருக்கும், எங்கயும் போகாது" என்று அன்றைக்கு அவள் ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால், மறுநாள் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. எந்த உண்மை என்கிறீங்களா? செவலை போட்ட குட்டி என்கிற உண்மைதான். குறுக்கே கேட்காதீங்க, கதை விட்டுப்போகும்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல். மைக்கு. அதிகாரிக்குப் பக்கத்தில் உங்களைப் போல ஒரு கால்நடை டாக்டர், வெள்ளைக் கோட்டு. மேனேஜர் எழுந்து கேட்டான்: "ஐயா, கொட்டகையில நாய் இருக்குன்னு சொல்றாங்க. நாய் இருந்தா குரைக்காதா? இந்த ஊர்ல யாராச்சும் ஒருத்தர், ஒருநாளாச்சும், குரைக்கிற சத்தம் கேட்டிருக்கீங்களா?"

வாஸ்தவமான கேள்விதானே? நானும் உங்களிடம் அதைத்தானே கேட்டேன்.

பஞ்சவர்ணம் எழுந்து, "எங்க மச்சான் வீட்டு நாயைப் பாருங்கய்யா" என்றாள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் அது கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் போனது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவன் போல. டாக்டர் முன்னால் உட்கார்ந்து, வலது முன்னங்காலைத் தூக்கி அவர் முழங்கால் மேல் வைத்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டது.

டாக்டர் காலைக் கையில் வாங்கி, ரோமத்தை விலக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இது எங்கே பழகினதுய்யா?" என்று கேட்டார், ரொம்ப மெதுவாக.

மைக்கு என் கையில் இருந்தது.

"நான்தான் பழக்கினேன். பெரிய மனுஷங்களைக் கண்டா வணக்கம் சொல்லும்" என்றேன். "பதிலுக்கு நீங்களும் ஒரு வணக்கம் வைங்கய்யா, இல்லேன்னா கோவிச்சுக்கும்."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு! அதிகாரி சிரித்தார், பிள்ளைகள் சிரித்தார்கள், கழுங்கர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். "குரைக்குமா?" என்று அதிகாரி கேட்டார். "பெரியவங்க இருக்கிற சபையில சத்தம் போடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றேன். பந்தலே ஆடிப்போனது. டாக்டரும் என்ன நினைத்தாரோ, காலை மெதுவாகக் கீழே விட்டார். நாய் யாருடையது என்று கேட்டார்கள். "என்னுது, செவலை போட்டது" என்றேன். மேனேஜர், "ஆமாமா, எங்களுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றான். அவன் வந்து என் தோளில் தட்டினான். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டத்தை நான் சிரிக்க வைத்ததே இல்லை. பஞ்சவர்ணம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே சிரிப்பு வராது.

லைசன்ஸ் வந்துவிட்டது. ஊர் அதை என் தலையில் கட்டிவிட்டது. கம்பெனிக்காரன் சொன்னதையே நானும் சொன்னேனாம். அவனிடம் விலை போய்விட்டேனாம். எனக்கு வெளியே மவுசு கூடியதில் பொறாமை, வேறென்ன?

டீக்கடையில் டீ கொடுக்கிறார்கள். பேச்சு கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரிசாவில் ஒரு தரம் துளைக்கும்போது" என்று ஆரம்பிப்பேன். ஒருத்தன் எழுந்து பீடி வாங்கப் போவான், ஒருத்தனுக்கு மாடு ஞாபகம் வரும். கடைசியில் பாய்லரும் நானும்தான். பேச ஆள் இல்லை என்பதுகூடப் பெரிசில்லை, தாயி. பேச்சு எனக்கு உள்ளேயே ஊறும். "அப்புறம்?" என்று கேட்க ஒருத்தர் வேண்டாமா? கதையை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் சாயங்காலம் ஆரம்பித்தது, விளக்கை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போதெல்லாம் இதனிடம்தான் சொல்கிறேன். காதை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்கும். ராஜஸ்தான் கதைக்கு வாலை ஆட்டும். சொன்னதையே சொன்னாலும் எழுந்து போகாது.

கேட்டது என்கிறேன். ஆட்டியது. போன வாரம் வரைக்கும். நினைப்பில் வாய் தவறிவிட்டது.

அந்த எவர்சில்வர் வட்டிலா? காக்காய்க்குச் சோறு வைக்கிறது. ஈரமாக இருக்கிறதா? தின்றுவிட்டு அதுவே கழுவி வைத்துவிட்டுப் போகும். படித்த காக்காய்.

பஸ் வருகிற நேரம். கண்மாய் வளைவில் ஹார்ன் அடிக்கும், அப்போது கிளம்பினால் சரியாக இருக்கும். இதை விட்டால் நாளைக்குக் காலையில்தான். ஊரில் கேட்டால் சொல்லுங்க, நாய் செத்துப்போய்விட்டது, பெரிய சாவு, கொட்டெல்லாம் வைத்தார்கள் என்று.

கோட்டை எதற்கு வெளியே எடுக்கிறீங்க? தண்ணீர் பாட்டிலுக்கு இடம் இல்லையா? கையில் பிடித்துக்கொள்ளுங்களேன். போட்டுக்கொள்ளாதீங்க. தாயி, சொன்னால் கேளுங்க, போடாதீங்க.

ஏய். உள்ளே போ. கட்டிலுக்கு அடியில் போ என்கிறேன்ல. போ.

ம். போகாது. வெள்ளையைப் பார்த்துவிட்டால் நான் யாரோ, அது யாரோ.

வந்து உட்கார்ந்துவிட்டது, பாருங்க. காலைத் தூக்கிவிட்டது. முகத்தையும் திருப்பிக்கொண்டது. பிடித்துக்கொள்ளுங்க, தாயி. வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்க விடாதீங்க, நடுங்கும். இப்படியேதான் இருக்கும். ஊசி குத்தாமல் விட்டால் காலை எப்போது எடுத்துக்கொள்வது என்று அதற்குத் தெரியாது. அன்றைக்குப் பந்தலிலிருந்து வந்த பிறகு, இந்த வாசலில் எவ்வளவு நேரம் மூன்று காலில் உட்கார்ந்திருந்தது தெரியுமா? டாக்டர் ஒன்றும் குத்தாமல் விட்டுவிட்டாரே. கடைசியில் நான்தான் நகத்தால் லேசாக ஒரு கிள்ளு கிள்ளினேன். முடிந்துவிட்டது என்று காலை எடுத்துக்கொண்டு, என் கையை நக்கியது.

வணக்கம்தான் சொல்கிறது, தாயி. நான்தான் பழக்கினேன்.

அழாதீங்க. டாக்டர் அழுதால் நோயாளி என்ன செய்யும்?

அந்தப் பைக்குள் இருக்கிறதே, கடையில் விலை பார்க்கிற மிஷின் மாதிரி ஒன்று, அதைக் கழுத்தில் காட்டினால் நம்பர் வருமா? தோலுக்கு அடியில் அரிசி அளவுக்கு ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரியும். தடவும்போது விரலில் தட்டுப்படும். நம்பர் வந்தால் அவர்களுடைய நாய். அப்போது அவர்களிடமே போகுமா? உங்களைத்தான் கேட்கிறேன். போகுமா?

"தெரியாது, தாத்தா."

போச்சு. உங்களுக்கும் பொய் வரவில்லை. இந்தத் தேசத்தில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் பொய் வராது போலிருக்கிறது.

விடியற்காலையில் நான் இதைக் கூட்டிக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போவேன். கம்பெனிச் சுவருக்குக் கிட்டே போனதும் நின்றுவிடும். மூக்கைத் தூக்கி மோந்து பார்க்கும். அப்புறம் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, அந்தக் காற்றுச் சத்தத்தைக் கொடுக்கும். கொடுத்துவிட்டுக் காதைத் தூக்கி நிற்கும். உள்ளே எத்தனை இருக்குமோ, அத்தனையும் திருப்பிக் குரைக்குமாக்கும். நான் கேட்டதில்லை. ஒரு இலை அசைகிற சத்தம்கூட வராது. ஆனால் இது கேட்டுக்கொண்டே நிற்கும், தாயி. கூப்பிட்டாலும் வராது.

சரி. மிஷினை எடுங்க. நான் பிடித்துக்கொள்கிறேன், கழுத்துக்கிட்ட மெதுவாகக் கொண்டுவாங்க. எந்தக் கோர்ட்டானாலும் நானும் கூட வருவேன், டிக்கெட்டு இரண்டாக எடுங்க. நான் சொன்னால் ஜட்ஜய்யா சிரிப்பார். மிஷின் சொன்னால் சிரிக்க மாட்டார். ஒருவேளை திருப்பிக் கொடு என்றுதான் சொன்னார் என்றால், என்னையும் சேர்த்து அந்தக் கொட்டகையில் போடச் சொல்லுங்க. கதை கேட்க அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருத்தரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

இருடா, இருடா. ஒன்றும் குத்தாது. வெறும் வெளிச்சம்தான். இரு.

கேட்டீங்களா?

பீப் என்றது. கேட்டீங்களா, தாயி? பாருங்க, காலை எடுத்துக்கொண்டது. கிள்ளாமலே எடுத்துக்கொண்டது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. வெண்கலக் குரல் என்று நான் சொன்னேனா இல்லையா?

ஏ பஞ்சவர்ணம்! ஏத்தா! அந்தக் கிரைண்டரை அமத்து! கம்பெனி நாய் குரைச்சிருச்சு! நம்ம வீட்டுல இருக்கிற கம்பெனி நாய்! நிசமாத்தான் சொல்றேன், கதையில்ல!

அமர்த்திவிட்டாள், தாயி. கேளுங்க.